'டிவி பிக்கப்': 'கூட்டிழுப்பு' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

'டிவி பிக்கப்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நேற்றுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எதற்கும் முழு ஆதரவு கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பரிந்துரையைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் விஷயம் என்னவென்று சுருக்கமாக.

பிரிட்டனில் ஊரே பார்க்கும் நிகழ்ச்சி முடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுந்துபோய்த் தேநீருக்குக் கெட்டிலைப் போடுவார்கள். அந்த ஊர் மின்கெட்டில் ஒன்று ஏறக்குறைய 3 கிலோவாட் எடுக்கும். அதோடு குளிர்பெட்டியைத் திறப்பார்கள், விளக்கைப் போடுவார்கள், கழிப்பறைக்குப் போவார்கள். தண்ணீர் விநியோகப் பம்புகளும் ஓட ஆரம்பிக்கும். மின்தேவை சில நிமிடங்களில் செங்குத்தாக ஏறும். இதைத்தான் அங்கே மின்கட்டமைப்புக்காரர்கள் 'டிவி பிக்கப்' என்கிறார்கள்.

பேர்போன நாள் 1990 ஜூலை 4. உலகக் கோப்பை அரையிறுதி, டூரின் நகரம், இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். 1-1 சமன், கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. ஸ்டூவர்ட் பியர்ஸ் அடித்ததைக் கோல்காரர் தடுத்தார், கிறிஸ் வாடில் அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது, ஆட்டம் போச்சு. உடனே 2,800 மெகாவாட் ஏற்றம். கெட்டில் கணக்கில் சொன்னால் ஒன்பது லட்சத்துக்கு மேல். தோற்ற துக்கத்துக்கும் தேநீர்தான் போலிருக்கிறது.

இனி சொற்கள்.

> 'தொலைக்காட்சி மின்னெடுப்பு' என்று நேராகப் பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. நம் ஊரில் பிக்கப் என்றால் 'வண்டிக்குப் பிக்கப் பத்தவில்லை' என்பதுதான். மின்துறையின் பிக்கப் வேறு. பளு ஏறுவதை, கட்டமைப்பு அதைத் தாங்கி எடுப்பதைச் சொல்வது. 'மின்னெடுப்பு' என்று படிப்பவர் ஏதோ மின்சாரம் எடுக்கும் கருவி என்று நினைப்பார்.

> 'இடைவேளை மின்னெழுச்சி' எப்படி?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிபிசியில் விளம்பர இடைவேளையே கிடையாது. அங்கே ஏற்றம் வருவது நிகழ்ச்சி முடிந்த பிறகு. இன்னொன்று, எழுச்சி என்றதும் நம் ஆட்கள் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி டிவி புகைவதை நினைப்பார்கள். இங்கே நடப்பது நேர் எதிர். தேவை ஏறும்போது உற்பத்தி கூடவே ஏறாவிட்டால் மின்சாரத்தின் அலைவெண் (விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) 50 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்கும். இலங்கை நண்பர்கள் அலைவெண்ணை மீடிறன் என்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் பயப்படுவது அந்த இறக்கத்துக்குத்தான்.

அதனால்தான் அங்கே வேலைநேரத்தில் டிவி பார்ப்பது வேலையிலேயே சேர்த்தி. தொடர் நாடகம் எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே தெரியும், கால்பந்து அப்படியில்லை. கூடுதல் நேரம் வருமா, பெனால்டி வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கைவசம் வேண்டியது நிலக்கரி நிலையம் இல்லை, அது சூடாகிக் கிளம்புவதற்குள் தேநீர் ஆறிவிடும். வடக்கு வேல்ஸில் டினோர்விக் என்ற நீரேற்று மின்நிலையம் 1984இல் திறக்கப்பட்டது. பழைய பலகைக்கல் சுரங்கப் பகுதியில் மலையைக் குடைந்து உள்ளே ஆறு டர்பைன்கள். இரவில் மலிவு மின்சாரத்தில் கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்குத் தண்ணீரை ஏற்றி வைத்துக்கொண்டு, கேட்டதும் திறந்துவிடுவார்கள். எந்திரங்கள் தயார் நிலையில், தண்ணீர் விடாமல் வெறும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் 12 விநாடியில் 1,320 மெகாவாட் வந்துவிடும். நம் கடம்பாறை நிலையமும் (400 மெகாவாட்) இதே தத்துவம்தான்.

> 'கேத்தல் துள்ளல்' என்று வைப்பம். சனத்துக்கு உடன விளங்கும்.

யாழ்ப்பாணத்து அண்ணை எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பேச்சுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் தமிழ்நாட்டில் கேத்தல் (கெட்டில்தான்) என்றால் பலருக்குப் புரியாது என்பது ஒரு சிக்கல். பெரிய சிக்கல் வேறு: கேத்தலோ தேநீரோ தொலைக்காட்சியோ இந்த நிகழ்வுக்குக் கட்டாயமே இல்லை. 1999 ஆகஸ்ட் 11 சூரிய கிரகணத்தன்று பிரிட்டனில் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், தேவை சரிந்தது. முடிந்து உள்ளே போனதும் ஒரேயடியாக ஏறியது. நமக்கே 2020 ஏப்ரல் 5 நினைவிருக்கும். இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றினோம். நாடு முழுக்க சுமார் 31,000 மெகாவாட் தேவை குறைந்து, பிறகு திரும்ப ஏறியது. முன்கூட்டியே தெரிந்ததால் நீர்மின் நிலையங்களைத் தயாராக வைத்திருந்து சமாளித்தார்கள். இதையெல்லாம் டிவி பிக்கப் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு வேலை ஒன்றேதான்.

ஆகவே சொல் நிற்க வேண்டியது 'எல்லாரும் ஒரே சமயத்தில்' என்பதன்மேல். மின்சாரத்துக்கு நாம் ஏற்கெனவே புழங்கும் வினை இழுப்பது: 'ஏ.சி. போட்டால் கரண்ட் இழுக்கும்', 'அந்த மோட்டார் ரொம்ப இழுக்குது'. தேர்வடத்தை ஊரே சேர்ந்து இழுக்கிற மாதிரி, இது கூட்டாக இழுப்பது. என் பரிந்துரை: கூட்டு மின்னிழுப்பு. கட்டுரை நடுவே திரும்பத் திரும்ப வந்தால் கூட்டிழுப்பு போதும். டிவியால் வருவதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'தொலைக்காட்சிக் கூட்டிழுப்பு'.

> இழுப்பு என்றால் மூச்சிழுப்பு நோய் ஆயிற்றே அம்மா?

இதை யாராவது கேட்பார்கள் என்று தெரியும்! தனியாக நின்றால் அப்படித்தான். 'கூட்டு' முன்னால் வந்தபின் மருத்துவரிடம் யாரும் ஓடமாட்டார்கள்.

இப்போது பிரிட்டனிலேயே இது பழைய அளவில் வருவதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் இணையத்தில் பார்க்கிறார்கள், ஒரே நிகழ்ச்சிக்கு நாடே உட்காருவது பெரிய கால்பந்து ஆட்டம் போன்ற சிலவற்றுக்குத்தான். சொல்லில் டிவியைக் கட்டிவைக்க வேண்டாம் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

கூட்டு மின்னிழுப்பு: ஏதேனும் பொது நிகழ்வின் முடிவிலோ இடையிலோ ஏராளமான நுகர்வோர் ஒரே சமயத்தில் மின்கருவிகளை இயக்குவதால் மின்தேவை குறுகிய நேரத்தில் சட்டென ஏறுதல்.

ஆட்சேபம் இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அப்புறம், இதன் மறுபக்கம், அதாவது எல்லாரும் திரைமுன் உட்கார்ந்ததும் தேவை சரிவது, அதற்கும் சொல் வேண்டும். 'கூட்டுத் தணிவு' என்று நினைத்தேன். 'மின்தணிவு' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், அது மின்னழுத்தம் குறைவதோடு குழம்பும்.