ஆறு படிவங்களும் அடுத்த இட்லியும்: எங்கள் பொருளியல் பேராசிரியர் நினைவாக

முதுகலை மாணவர், 1984–86

சென்ற மாதம் மறைந்த எங்கள் பேராசிரியரைப் பற்றி ஆளுக்கொரு நிகழ்ச்சியை எழுதுவோம் என்று முடிவானபோது, முதலில் எழுத வேண்டியவன் நானே என்று எனக்குப் பட்டது. அவரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவன் நான்.

1985 கோடை விடுமுறையில் தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு எங்களில் பன்னிரண்டு பேரை அவர் அழைத்துச் சென்றார். கிளம்புவதற்கு முன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய கிராம ஆய்வுகளை எங்களை வாசிக்க வைத்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி என்று அவர் அந்த ஊர்ப் பெயர்களை அடுக்கும்போது உறவினர் வீடுகளைச் சொல்வதுபோல் இருக்கும். அந்த ஊர்களுக்கு 1930-களில் வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் போய் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்த கதையைச் சொல்லிவிட்டு, "எழுபது வருஷம் கழித்து ஒருவர் உங்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று நினைத்து நிரப்புங்கள்" என்று பேருந்திலேயே எச்சரித்தார்.

என் பங்குக்கு இருபத்திரண்டு வீடுகள். மூன்றாம் நாள் கத்திரி வெயிலில் கடைசி ஆறு வீடுகளுக்கு நடக்க மனமில்லாமல், புளியமரத்தடியில் உட்கார்ந்து அந்த ஆறு படிவங்களையும் நானே நிரப்பினேன். சந்தேகம் வராமலிருக்க 37, 43, 52, 29 என்று வயதுகளைக் கலைத்துப் போட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அன்றிரவு பள்ளிக்கூடத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் படிவங்களையும் புரட்டிய சார், ஆறை மட்டும் பாயில் தனியே எடுத்துவைத்துவிட்டு, "இந்த ஆறு குடும்பத்துக்கு மட்டும் எப்படித் தம்பி தங்கள் வயது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது?" என்று கேட்டார்.

அப்போதுதான் மற்றப் படிவங்களைப் பார்த்தேன். 40, 45, 50, 60. பிறந்த தேதியை எழுதிவைக்காத ஊரில் வயது என்பது ஐந்திலும் சுழியிலும்தான் முடியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் இந்தக் குவியலை அளப்பதற்கு விப்பிள் குறியீட்டெண் என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள் என்பதையும், குவியலே இல்லாவிட்டால் அது 100, எல்லோரும் ஐந்திலும் சுழியிலுமே சொன்னால் 500 என்பதையும் பின்னர் வகுப்பில் நடத்தியபோது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக நான் அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் அந்த ஆறு வீடுகளுக்கும் என்னோடு அவரே நடந்து வந்தார். ஒரு வீட்டில் இருந்த அம்மாவுக்குத் தம் வயது தெரியவில்லை. "வெள்ளைக்காரன் போன வருஷம் என் மூத்த பையன் தவழ்ந்துகிட்டிருந்தான்" என்றார். சார் திண்ணையில் உட்கார்ந்து, திருமணம், முதல் பிரசவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, 58 என்று எழுதி, பக்கத்தில் 'ஏறத்தாழ' என்றும் சேர்த்தார். புளியமரத்தடியில் அந்த அம்மாவுக்கு நான் கொடுத்திருந்த வயது 43. அவருடைய மூத்த மகனுக்கே அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

முதுகலை மாணவி, 1991–93

நான் சேர்ந்த புதிதில் நடந்ததை எழுதுகிறேன். 1991 ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணைகளில் குறைத்தார்கள். அதே மாதத்தில் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன், இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாகப் போனது. நாட்டின் மானமே போய்விட்டது என்று வகுப்பில் ஒரே கூச்சல்.

சார் எல்லோரையும் அமர்த்திவிட்டு, "வீட்டு நகை அடகுக் கடையில் இருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஒரு கையும் உயரவில்லை. அவர் முதலில் தம் கையைத் தூக்கினார். பிறகு ஒன்று, இரண்டு என்று பாதி வகுப்பு தூக்கியது. என் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி கடையில் இருந்தது. அதை நெருங்கிய தோழியிடம்கூட நான் சொன்னதில்லை. நானும் தூக்கினேன்.

அதன் பிறகுதான் பாடம் தொடங்கியது. குவைத் மீதான படையெடுப்பால் எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் தடைப்பட்டது, வெளிநாட்டு இந்தியர்கள் வைப்புத்தொகையை எடுக்கத் தொடங்கியது, அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே தாங்கும் நிலைக்கு வந்தது என்று ஒவ்வொன்றையும் ஒரு குடும்பத்தின் வரவுசெலவுபோல் கரும்பலகையில் எழுதினார். கைமுடை (இப்போதைக்குக் கையில் பணமில்லாதது) வேறு, கதியின்மை (கடனை அடைக்கவே வழியில்லாதது) வேறு என்று அவர் பிரித்துக் காட்டியதை, பின்னாளில் பாடநூல்களில் நீண்ட இலக்கணங்களாகப் படித்தபோதும் அதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

வங்கியின் முன்னாள் காசாளர்

நான் அவருடைய மாணவன் அல்லன். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பின், எங்கள் கிளையின் வரிசையில் நாள்தோறும் ஒரு முதியவர் வந்து நிற்பார். முறை வந்ததும் மறுபடியும் கடைசிக்குப் போய்விடுவார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் கையில் நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. தொழில், நின்ற நேரம், விட்டுப்போன கூலி, மாற்றிய தொகை என்று நான்கு கட்டங்கள். மாற்றும் தொகையின் உச்சவரம்பு 4,000 என்றிருந்து 4,500 ஆகி, 2,000 ஆகக் குறைந்த ஒவ்வொரு நாளையும் ஓரத்தில் தேதியோடு குறித்திருந்தார். ஐந்தாம் நாள் மாலை என்னிடம் அந்த நோட்டைக் காட்டினார். "காசாளர். காலை 8 முதல் இரவு 9.30 வரை. மதியச் சாப்பாடு இல்லை." கூலிக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். அந்த மாதத்தில் எங்களையும் கணக்கில் சேர்த்த ஒரே மனிதர் அவர்தான்.

உடன் பணியாற்றிய தமிழாசிரியர்

எங்கள் நட்பு ஒரு சொல்லுக்கான சண்டையில் தொடங்கியது. பாடநூலில் இருந்த 'இறுதிநிலைப் பயன்பாடு' என்ற கலைச்சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. "புலவரே, இறுதிநிலை என்றால் பையன்கள் ஆளே போகப்போகிறார் என்று நினைக்கிறார்கள்" என்பார். 'விளிம்புநிலை' என்று மாற்றலாமே என்றேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஏழைகளை உட்காரவைத்துவிட்டார்களே என்றார். கடைசியில் வகுப்பில் அவர் 'அடுத்த ஒன்று' என்றே சொல்லத் தொடங்கினார்: முதல் இட்லி தந்த நிறைவு இருக்கட்டும், அடுத்த இட்லி எவ்வளவு தரும் என்று மட்டும் கேளுங்கள். அது கலைச்சொல் ஆகாது என்று நான் முப்பது ஆண்டுகள் வாதாடினேன். மாலை நடையில் வேறு எதைப் பேசத் தொடங்கினாலும், அரசியலானாலும் பேரப்பிள்ளைகளானாலும், பாலத்தடிக்கு வருவதற்குள் இந்தச் சண்டைக்கு வந்துவிடுவோம்.

மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்த காலையில், செவிலியர் தட்டில் இரண்டு இட்லி வைத்துவிட்டுப் போனார். ஒன்றைச் சிரமப்பட்டு முடித்தார். இரண்டாவதில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் மென்றார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "சுழியைத் தொட்டுவிட்டது புலவரே, இதற்கு மேல் எதிர்மறைதான்" என்றார். எந்தப் பயன்பாடு என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே, "இறுதிநிலை. நீங்களே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மீதி இட்லியை நான் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.