ஓஆர்எம், ரா எஸ்கியூஎல்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் அக்கா, குழுவினர் எல்லோருக்கும்.

அல்சூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வலைநிரலாக்கம் சொல்லித்தருகிறோம் அல்லவா, அதற்கான பாடக்குறிப்பில் இரண்டு சொற்கள் இழுபறியாக இருக்கின்றன. நிரலில் உள்ள பொருள்களுக்கும் (ஆப்ஜெக்ட்) தரவுத்தள அட்டவணைகளுக்கும் நடுவில் நிற்கும் ஓஆர்எம் (ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பர்) என்பதற்குப் 'பொருள்-தொடர்பு இணைப்பி', தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் வினவலை நாமே எழுதும் ரா எஸ்கியூஎல் என்பதற்குப் 'பச்சை வினவல்' என்று போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லுங்கள்.

---

> பொருள்-தொடர்பு இணைப்பி

தம்பி, இதில் 'தொடர்பு' வேண்டாம். அட்டவணைகளை ஃபாரின் கீ (வேறொரு அட்டவணையின் நிரையைச் சுட்டும் மதிப்பு) வைத்துத் தொடர்புபடுத்துவதால்தான் 'ரிலேஷனல்' என்று பெயர் வந்தது என்று இன்டர்வியூவுக்கு வருகிறவர்களே சொல்கிறார்கள். அது தவறு. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் அந்தச் சொல்லைக் கணிதத்திலிருந்து எடுத்தார். அங்கே ரிலேஷன் என்பது ஒரே அமைப்புள்ள நிரைகளின் கணம். தரவுத்தளத்தில் ஒரே ஒரு அட்டவணை இருந்தாலும் அது ரிலேஷன்தான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' என்று பாடமே உண்டு. பிள்ளைகள் படித்த அந்த 'உறவு' கைவசம் இருக்க, நாம் ஏன் வேறு தேட வேண்டும்?

'இணைப்பி'யும் ஒட்டவில்லை. தரவுத்தளத்தோடு இணைத்துவிடுவது டிரைவரின் வேலை. இணைப்பி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். செயலிக்குள்ளிருந்தே வினவலைக் கட்டித் தரும் கருவிக்கு 'வினவலாக்கி' எனலாம். ஜாவாவின் ஹைபர்நேட், பைத்தானின் ஜாங்கோ ஓஆர்எம் போன்றவை அதற்கும் ஒரு படி மேலே போய், வந்த நிரையைப் பொருளாக மாற்றித் தருகின்றன. பொருளில் செய்த மாற்றத்தைத் திரும்ப நிரையில் எழுதுகின்றன. ஆகவே 'நிரைபொருளாக்கி' என்பேன்.

> பச்சை வினவல்

ஐயோ, வேண்டாம். பச்சையாகப் பேசினான் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? அது போகட்டும், 'ரா' என்ற பெயரே ஒருதலைப்பட்சமானது. ஜாங்கோ எழுதினாலும் நீ எழுதினாலும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் கையில் போய்ச் சேர்வது ஒரு எஸ்கியூஎல் வாக்கியம். அதைப் பகுத்து, திட்டம் போட்டு, ஓட்டுகிறது. இதில் வெந்தது எது, வேகாதது எது? 'நேர்வினவல்' போதும்.

ஒன்று மட்டும் குறிப்பில் கட்டாயம் சேர். நேர்வினவல் என்றதும் பயனர் தட்டியதைச் சரத்தோடு ஒட்டிவிடுவார்கள். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு, அதாவது பயனர் தன் கட்டளையை நம் வினவலுக்குள் நுழைத்துவிடுவதற்கு, கதவு அதுதான். மதிப்புகளை அளபுருக்களாக (பாராமீட்டர்) வாக்கியத்தில் ஒட்டாமல் தனியே அனுப்ப வேண்டும்.

---

அக்கா, 'நேர்வினவல்' அருமை, எடுத்துக்கொள்கிறேன். 'பொருளாக்கி'தான் பணம் பண்ணும் இயந்திரம் போலக் காதில் விழுகிறது. நிரை முன்னால் நிற்பதால் அப்படியே இருக்கட்டும்.

என் பங்குக்கு ஒன்று: 'N+1' (என் பிளஸ் ஒன்) சிக்கலுக்கு 'ஈசல் வினவல்'. ஆர்டர் பட்டியல் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஆர்டர். டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு வரிக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்கிறோம். பட்டியலுக்கு ஒரு வினவல் போகிறது, பிறகு பெயருக்கு 50. போன வினவல்களைப் பதியும் லாகைத் திறந்தால் ஒரே வாக்கியம், கடைசி எண் மட்டும் மாறி மாறி, மழை விட்ட சாயங்காலத்து ஈசல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். பைத்தான் நிரலில் பார்த்தால் ஒரு சாதாரண ஃபார் லூப், சந்தேகமே வராது. ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்' சேர்த்தால் இரண்டு அட்டவணையையும் சேர்க்கும் ஜாயின் போட்டு ஒரே வினவலில் முடிக்கும், ஆனால் சேர்க்கத் தோன்ற வேண்டுமே! நேர்வினவலில் ஜாயினை நாமே எழுதுகிறோம், அதனால் எத்தனை முறை தரவுத்தளத்துக்குப் போய்வருகிறோம் என்பது கண்முன் இருக்கிறது.

---

ஈசலுக்கு என் ஓட்டு. ஆனால் பிள்ளைகளிடம் நிரைபொருளாக்கியை வில்லனாக்கிவிடாதே. படிவத்தில் வந்ததைச் சேமிக்க, திருத்த, மைக்ரேஷன் (அட்டவணை அமைப்பை மாற்றுவது) ஓட்ட அது போதும், வேலையும் மிச்சம். மாதவாரியான கூட்டுத்தொகை, துறைக்கு முதல் மூன்று பேர் மாதிரியான அறிக்கை என்று வந்தால்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே நேர்வினவலை எழுதி, தரவுத்தளம் அதை எப்படி ஓட்டியது என்று சொல்லும் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' போட்டுக் காட்டு. தேடலை வேகமாக்கும் எந்த இண்டெக்ஸ் பயன்பட்டது என்று அவர்களே பார்க்கட்டும்.

அடுத்து லேசி லோடிங், அதாவது தரவைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்து வருவது. யாராவது சொல்லுங்கள், 'சோம்பேறி ஏற்றம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.