ஹைஸ்கூலிலேயே காலேஜ் கிரெடிட்: டூயல் கிரெடிட்டா, ஏ.பி.யா? (டெக்சஸ்)

நிலாஅம்மா_டல்லஸ்:
எல்லோருக்கும் வணக்கம். மகள் ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். பள்ளி கவுன்சிலர் டூயல் கிரெடிட் (ஒரே பாடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்காவது) படிவம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷ் 1301, 1302, அமெரிக்க வரலாறு 1301, 1302 நான்கையும் பக்கத்துச் சமூகக் கல்லூரி (இரண்டாண்டுப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) வழியாகப் பள்ளியிலேயே படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 3 கிரெடிட் (கல்லூரிப் பட்டத்துக்குச் சேரும் பாட அலகு), மொத்தம் 12. இல்லையென்றால் அதே பாடங்களை ஏ.பி.யாக (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம்) எடுத்து மே மாதம் தேர்வு எழுதலாம். அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. "கிடைக்கிற கிரெடிட்டை ஏன் விடணும்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை, காரணமும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:
உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி சகோதரி. தயங்காம கையெழுத்துப் போடுங்க. ஏ.பி.யில் வருஷம் பூரா உழைத்தாலும் மே மாதத்தில் மூணு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரே தேர்வுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் போச்சு. அப்புறம் 5க்கு 3 வாங்கினால் ஒரு பல்கலைக்கழகம் கிரெடிட் தரும், இன்னொன்று 4 கேட்கும், வேறொன்று 5 கேட்கும். டூயல் கிரெடிட்டில் பாடத்தைத் தேறினால் கிரெடிட் கையில் இருக்கும்.

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் 42 கிரெடிட் கொண்ட 'கோர்' என்று ஒரு தொகுப்பு உண்டு. அதைச் சமூகக் கல்லூரியில் முழுசா முடித்தால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அப்படியே ஏற்றுக்கொள்ளணும். நீங்க சொன்ன நாலு பாடமும் அதில் வருது. யு.டி. ஆஸ்டினில் (ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) இந்த மாநில மாணவருக்கே வருஷக் கல்விக் கட்டணம் சுமார் 11,000 டாலரில் தொடங்குது. இங்கே 12 கிரெடிட்டைச் சில நூறு டாலரில் முடிக்கலாம். இதில் யோசிக்க என்ன இருக்கு?

வெள்ளைக்கோட்டு:
மருத்துவம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் யோசிக்கச் சொல்கிறேன். டூயல் கிரெடிட் என்பது உண்மையான கல்லூரிப் பாடம். அந்த மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறுகிறது, பிறகு அழியாது. ஆறு வருடம் கழித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஏ.எம்.சி.ஏ.எஸ். என்ற நாடு தழுவிய பொது விண்ணப்பத்தில் பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) கணக்கிலும் அவை வரும். டெக்சஸ் மருத்துவக் கல்லூரிகளுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். விண்ணப்பத்திலும் இதே விதிதான். பதினாறு வயதில், கோடைக்கும் ஹோம்கமிங் என்ற பள்ளி விழாவுக்கும் நடுவே வாங்கிய ஒரு 'சி', இருபத்திரண்டு வயதில் கூடவே வந்து நிற்கும்.

ஏ.பி.யில் அந்த ஆபத்து கிடையாது. தேர்வு சரியாகப் போகாவிட்டால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் இருந்துவிடலாம். கிரெடிட்டாக ஏறினாலும் கல்லூரி ஜி.பி.ஏ.வைத் தொடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிற்பாடு கெமிஸ்ட்ரி, பயாலஜி ஏ.பி. எடுத்தால், அதை வைத்து அறிவியல் முன்தேவைப் பாடங்களைக் கழிப்பதைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. அவற்றைக் கல்லூரியில் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

காவேரிக்கரை:
டாக்டர், 'சி' வாங்குவாள் என்று ஏன் முடிவு கட்டணும்? 'ஏ' வாங்கினால் அதுவும் கூடவே வரும்தானே? முதல் வருஷத்துக்கு முன்னாடியே நாலு 'ஏ' கையில் இருப்பது மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எவ்வளவு பலம்!

வாத்தியார்_ஹூஸ்டன்:
சமூகக் கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் 1301 கற்பிக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் என் வகுப்பில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, நடைமுறையில்.

ஒன்றைச் சொல்கிறேன். நீண்ட பருவத்தில் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்கு முன் பாடத்தை விட்டுவிட்டால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் 'டபிள்யூ' (பாதியில் விலகினார் என்ற குறி) ஏறும். அதற்கான கடைசி நாளும் தாண்டிவிட்டால் வாங்குகிற மதிப்பெண்தான். இந்தத் தேதிகளெல்லாம் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும், பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த அஞ்சல் பெட்டியைத் திறப்பதே இல்லை. பள்ளியில் தாமதமாகக் கொடுத்தாலும் ஆசிரியர் வாங்கிக்கொள்வார், திருத்தி எழுத இன்னொரு வாய்ப்புத் தருவார். என் பாடத்திட்டத்தில் மூன்று பெரிய கட்டுரைகள். ஒன்றை விட்டாலே 'ஏ' போய்விடும். மாணவி வந்து, "சார், அன்றைக்கு பேண்ட் காம்பெடிஷன்" என்று அழும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, நம் பெற்றோர்கள் திகைத்துப் போவது இதில்தான். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது பதினாறே ஆனாலும், ஃபெர்பா என்ற மாணவர் பதிவு ரகசியச் சட்டப்படி அந்தப் பதிவுகள் மாணவியுடையவை. அவள் எழுத்தில் சம்மதம் தராமல் பெரும்பாலான கல்லூரிகள் உங்களிடம் பேசாது. அம்மா போன் செய்து மகன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்பார். தெரிந்திருந்தும் நான் பதில் சொல்ல முடியாது.

பள்ளிக்குள்ளேயே நடக்கும் வகுப்பென்றால் யார் நடத்துகிறார் என்று கேளுங்கள். கற்பிப்பவருக்குப் பொதுவாக முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 மேற்படிப்பு கிரெடிட்டும் எதிர்பார்க்கப்படும். தகுதி இருக்கும், ஆனால் சூழல் பள்ளி வகுப்பாகவே இருந்தால் கல்லூரி எழுத்துப் பயிற்சி கிடைக்காது. பின்னால் பல்கலைக்கழகத்தின் உயர்நிலைப் பாடத்தில் பத்துப் பக்கக் கட்டுரை எழுதச் சொல்லும்போது பிள்ளை திணறும்.

செல்வி_ஆஸ்டின்:
எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் வீட்டுக் கணக்கையே பேசுறீங்க. நான் மளிகைக் கடையில் கேஷியர். தனியாக வளர்த்தேன். என் மகன் 'ஏர்லி காலேஜ்' ஹைஸ்கூலில், அதாவது பள்ளியோடு கல்லூரிப் படிப்பும் சேர்ந்து நடக்கிற பள்ளியில் படிச்சான். பள்ளி முடிக்கும்போது 60 கிரெடிட், அசோசியேட் (இரண்டாண்டுக் கல்லூரி) பட்டம். கட்டணமும் புத்தகமும் ஒரு பைசா செலவில்லை. பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் பஸ் விட்டாங்க. பட்டமளிப்புக்குக் கல்லூரி அங்கி போட்டுட்டு நின்னான், எங்க குடும்பத்தில் அந்த அங்கியைப் போட்ட முதல் ஆள் அவன்தான். வாத்தியார் சொன்ன மின்னஞ்சல் சிக்கல் அவனுக்கும் வந்துச்சு, ஆனா அதைப் பதினெட்டில் கத்துக்கிறதுக்குப் பதில் பதினாறில் கத்துக்கிட்டான்.

2023இல் டெக்சஸின் ஹெச்.பி. 8 சட்டத்தோடு 'ஃபாஸ்ட்' திட்டம் வந்திருக்கு. முந்தைய நாலு பள்ளி ஆண்டில் எப்போதாவது இலவச அல்லது சலுகை மதிய உணவுக்குத் தகுதி இருந்த பிள்ளைக்கு, அந்தத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் டூயல் கிரெடிட் இலவசம். இது தெரியாமலே விட்டுட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து இந்த வழியை வேண்டாம்னு பொதுவா எழுதிடாதீங்க. படிச்சிட்டு யாரோ ஒருத்தி படிவத்தைத் தூக்கிப் போட்டுடுவா.

வாத்தியார்_ஹூஸ்டன்:
செல்வி அக்கா, உங்கள் மகனுக்கு என் வாழ்த்து. பணம் இல்லாத வீட்டுக்கு இது பெரிய வாசல், அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கேள்வி 60 கிரெடிட்டும் பட்டத்துக்குள் எங்கே போய் உட்கார்ந்தன என்பதுதான். இன்ஜினியரிங் என்றால் கால்குலஸ் முடித்துத்தான் இயற்பியல், அது முடித்துத்தான் அடுத்தது என்று சங்கிலி நீளும். 60 கிரெடிட்டோடு போனாலும் நாலு வருடம் பிடிக்கும் பிள்ளைகள் உண்டு.

செல்வி_ஆஸ்டின்:
அவன் அக்கவுண்டிங். இரண்டே வருஷத்தில் முடிச்சான்.

காவேரிக்கரை:
என் கணக்கையும் சொல்லிடறேன், அப்போதான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுறேன்னு புரியும். நாங்க ஹெச்-1பி வேலை விசா. கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) வரிசையில் இந்தியாவில் பிறந்தவங்க எப்போ வெளியே வருவோம்னு யாராலும் சொல்ல முடியலை. மகன் ஹெச்-4, எங்களைச் சார்ந்த விசா. 21 வயசானால் அந்த விசா முடிஞ்சிடும். பதினெட்டில் பள்ளி முடித்துக் கல்லூரி சேர்ந்தால் மூணாம் வருஷ முடிவில் 21. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இவனுக்குக் கிடையாது. ஹெச்-4இல் வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் முடியாது. எல்லாம் என் சம்பளத்திலிருந்துதான். 30 கிரெடிட்டோட உள்ளே போனால் ஒரு வருஷம் குறையும். எங்களுக்கு அந்த ஒரு வருஷம்தான் பெரிசு.

விசாவரிசை:
காவேரிக்கரை சார், நாங்களும் அதே வரிசைதான். ஒன்றைக் கவனியுங்கள். மூன்று வருடத்தில் ஹெச்-4இலேயே பட்டம் முடித்துவிட்டால் ஓ.பி.டி. (படிப்பு முடிந்ததும் தற்காலிகமாக வேலை பார்க்கும் அனுமதி) கிடைக்காது. அது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு மட்டும். படிப்பு முடியும் முன்பே எஃப்-1க்கு மாறியிருக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். சீக்கிரம் முடிப்பதற்குத் திட்டமிட்டால் விசா மாற்றத்தையும் அதோடு சேர்த்து முன்னதாகவே வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

காவேரிக்கரை:
தெரியும் சார், இரண்டாம் வருஷத்திலேயே மாற்றுவதாகத்தான் திட்டம். எழுதியதற்கு நன்றி, மற்றவங்களுக்கும் உதவும்.

மூன்றாமாண்டு_மாணவி:
நான் யு.டி. ஆஸ்டினில் படிக்கிறேன். அங்கிள், ஆன்ட்டி எல்லோரும் 'எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்' என்றே பேசுவதால் எழுதுகிறேன். ஏ.பி.யிலும் டூயல் கிரெடிட்டிலுமாக நிறைய கிரெடிட்டோடு வந்தேன். அப்பா மூன்று வருடத்தில் முடி என்றார், நான் மறுத்துவிட்டேன். கோர் பாடங்கள் கழிந்ததால் அட்டவணையில் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் இங்கே தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் பேசுவேன், எழுத்து தெரியாது. இப்போது பாட்டி அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை நானே வாசிக்கிறேன், இந்தப் பதிவையும் நானே தட்டச்சு செய்கிறேன். ஏ.பி.யில் சீனம், ஜப்பான், லத்தீன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. எனக்கு இதற்கு வேறு வழியே கிடைத்திருக்காது.

ஆனால் ஒன்று, நிலா ஆன்ட்டி. முதல் பருவத்திலேயே நேராக உயர்நிலை (மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கான) வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தபோது என்னைச் சுற்றி எல்லாரும் இருபது, இருபத்தொரு வயது. அங்கே ஒருவர்கூட எனக்கு நண்பராகவில்லை. முதலாண்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் வகுப்புகளை நான் முன்பே கழித்துவிட்டேன். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளைக்கோட்டு:
நன்றி அம்மா, நன்றாக எழுதியிருக்கிறாய். நிலாஅம்மா, வெளிமாநிலத் தனியார் கல்லூரி மனதில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். பள்ளிப் பட்டத்துக்காக எண்ணப்பட்ட கல்லூரிப் பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தராத தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. டார்ட்மவுத் ஏ.பி.க்குக்கூட 2014இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. அவள் எங்கே விண்ணப்பிப்பாள் என்று தெரியாமல் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பயனில்லை.

நிலாஅம்மா_டல்லஸ்:
எல்லோருக்கும் நன்றி. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். மதிப்பெண் நிரந்தரம் என்பது அவளுக்கும் தெரியவில்லை. கவுன்சிலரிடம் கேட்டதில், வரலாற்றுக்கு யு.டி. ஆஸ்டினின் 'ஆன்ராம்ப்ஸ்' என்ற டூயல் கிரெடிட் திட்டம் எங்கள் பள்ளியில் இருக்கிறதாம். பள்ளி மதிப்பெண் தனி, பல்கலைக்கழக மதிப்பெண் தனி. இரண்டாவதைப் பார்த்த பிறகு கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யலாம். வரலாறு அதில், இங்கிலீஷ் ஏ.பி. என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள். வீட்டுக்காரருக்குப் பாதி மனசுதான்.

காவேரிக்கரை:
எனக்கும் பாதி மனசுதான் சகோதரி. இங்கிலீஷை டூயல் கிரெடிட்டிலேயே எடுத்திருக்கலாம். போகட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஏ.பி. கவர்மென்ட் (அமெரிக்க அரசியல் பாடம்) எடுத்தால் அதில் டெக்சஸ் அரசியலமைப்பு வராது. இந்த மாநில அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்க அதுவும் சட்டப்படி வேணும். அதுக்கு கவர்மென்ட் 2306ஐ (டெக்சஸ் அரசியல் பாடம்) மட்டும் கோடையில் தனியா எடுக்கச் சொல்லுங்க. கோடையில் ஒரே பாடம்னா வாத்தியார் பயப்படற மாதிரி ஆகாது.

வாத்தியார்_ஹூஸ்டன்:
கோடைப் பருவம் ஐந்து வாரத்திலும் முடியும், பத்து வாரத்திலும் முடியும். பத்து வார வகுப்பாகப் பார்த்துப் போடுங்கள். ஐந்து வாரத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலே பாடம் கைவிட்டுப் போய்விடும்.