அப்பாவுக்கு ராணிக்கூழ், மகரந்தம், புரோபோலிஸ் கொடுக்கலாமா?

பண்ணைக்காடு மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன் இதய வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். போன வாரம் சித்தப்பா கொடைக்கானல் போனபோது ஒரு கடையில் மலைத்தேன் அரை கிலோ, மகரந்தம் ஒரு டப்பா, ராணிக்கூழ் மாத்திரை, புரோபோலிஸ் (தேனீ சேர்க்கும் பிசின்) என்று பழுப்பாக ஒரு சொட்டு மருந்து, எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய்க்கு வாங்கி வந்தார். ராணித்தேனீ வருடக்கணக்கில் வாழ்வதே இந்தக் கூழால்தான், இதைச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையே தேவைப்படாது என்று கடைக்காரர் சொன்னாராம். சின்ன வயதில் மலைவாழ் பளியர்கள் கொண்டுவந்து கொடுத்த தேனைக் குடித்து வளர்ந்தவர் அப்பா, தேன் என்றால் மறுபேச்சே கிடையாது, நான்கு நாளாக எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறார். இன்னொன்று, என் மகளுக்கு எட்டு மாதம். பிறந்தபோது சேனை வைக்கவில்லை என்று மாமியாருக்குக் குறை, இப்போதாவது தினமும் நாக்கில் தேன் தடவு என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவு டியூட்டி நர்ஸ்:
முதலில் குழந்தை விஷயம், அக்கா. ஒரு வயது முடியும்வரை ஒரு துளி தேன்கூட வேண்டாம். நல்ல சுத்தமான தேனிலும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடல் அதைச் சமாளித்துவிடும், கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, பால் உறிஞ்ச முடியாமல், கழுத்து தொய்ந்து, மூச்சுவரை போகும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயதுக்கு மேல் ஆனபின் இருமலுக்கு ராத்திரி அரை ஸ்பூன் கொடுங்கள், அதற்குத் தேன் உண்மையிலேயே நல்லது, மாமியாரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு: ராணிக்கூழையும் புரோபோலிஸையும் இன்றே நிறுத்துங்கள். வார்ஃபரினோடு ராணிக்கூழ் சாப்பிட்டு இரத்தக்கசிவு ஆனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை நாளைக்கே பார்த்துவிடுங்கள், டாக்டரிடம் அந்த டப்பாக்களையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்த விடாதீர்கள். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், மலைத்தேன் என்பதால் உடம்பு அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாது.

தாண்டிக்குடி தேன்பெட்டி:
நர்ஸம்மா சொன்னதுக்கு மேல் மருந்து விஷயத்தில் நான் பேச எதுவும் இல்லை. இருபது வருடமாகக் காப்பித் தோட்டத்தில் அடுக்குத்தேனீ வளர்க்கிறேன், பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் அடுக்குத்தேனீ புரோபோலிஸ் சேர்ப்பதே இல்லை என்று சொல்லலாம். என் பெட்டிகளில் மூடியைத் தூக்கினால் மெழுகுதான் ஒட்டியிருக்கும், பிசின் இருக்காது. அதைச் சேர்ப்பது இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும். அதனால் "நம்ம மலையில எடுத்தது" என்று புரோபோலிஸ் விற்றால் எந்தத் தேனீயிடம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ராணிக்கூழும் அப்படித்தான், ஒரு ராணி அறையைத் திறந்தால் புழு மிதக்கிற அளவுக்கு வெள்ளையாகத் தயிர் மாதிரி கொஞ்சம் இருக்கும், வாயில் வைத்தால் புளிப்பும் காரலும். ஒரு கிராம் சேர வேண்டுமென்றால் நாலைந்து அறையையாவது புழுவை எடுத்துப்போட்டு வழிக்க வேண்டும். உலகத்தில் இது அதிகம் உற்பத்தியாவது சீனாவில். ராணி பல வருடம் வாழ்வது உண்மைதான், ஆனால் அது தேனீயின் உடம்பு, புழுப் பருவத்திலிருந்தே அந்தக் கூழில் வளர்ந்த உடம்பு.

மகரந்தம் வாங்குகிறவர்கள் ஒன்று பாருங்கள். பெட்டி வாசலில் வலை வைத்து தேனீயின் பின்னங்காலிலிருந்து உதிர்த்தெடுக்கிற உருண்டை அது, எடுக்கும்போது ஈரமாக இருக்கும், நம் மலை ஈரத்தில் சரியாக உலர்த்தாவிட்டால் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் தூர எறியுங்கள்.

அப்புறம் தண்ணீரில் விட்டால் அடியில் போகிறது, எறும்பு மொய்க்கவில்லை என்பதெல்லாம் சோதனையே இல்லை. வெல்லப்பாகும் அடியில்தான் போகும்.

கோத்தகிரி குளிர்:
ஆஸ்துமா இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் படியுங்கள். என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் எதிர்ப்புச் சக்திக்கு என்று மகரந்தம் ஒரு ஸ்பூன் பாலில் கலந்து குடித்தாள். பத்து நிமிடத்தில் உதடு தடித்து, கண் வீங்கி, மூச்சு விடும்போது விசில் சத்தம். மழையில் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நான் பட்ட பாடு இன்றும் மறக்கவில்லை. ஊசி போட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். ராணிக்கூழும் இதே மாதிரி செய்யும், ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆஸ்துமாக்காரர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள், அங்கே டப்பாவிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டம். எங்களுக்கு விற்றவர் ஆஸ்துமா உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பண்ணைக்காடு மகள்:
வத்தலக்குண்டில் ரத்தம் பார்த்தோம். ஐ.என்.ஆர். 4.6, வெறும் வயிற்றுச் சர்க்கரை 241, இரண்டுமே அதிகம். டாக்டர் கடையில் வாங்கிய எல்லாவற்றையும் நிறுத்தி, வார்ஃபரின் அளவை மாற்றி, வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாக ஈறில் ரத்தம் வந்ததை அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை, டாக்டர் கேட்டபோதுதான் சொன்னார். மாமியாரும் நர்ஸம்மா எழுதியதை உட்கார்ந்து படித்துவிட்டு தேன் பாட்டிலை மேல் அலமாரியில் வைத்துவிட்டார். தாண்டிக்குடி அண்ணா, மகளுக்கு ஜூலையில் ஒரு வயது முடிகிறது, உங்களிடம் காப்பிப்பூத் தேன் கிடைக்குமா?

தாண்டிக்குடி தேன்பெட்டி:
காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்துவிட்டது, தோட்டம் இப்போதுதான் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அறையெல்லாம் மெழுகு மூடிய பிறகுதான் எடுப்பேன். கால் லிட்டர் எடுத்து வைக்கிறேன் தங்கச்சி, கண்ணாடிப் பாட்டில் கொண்டுவாருங்கள்.