ஃபிராஸ்டின் இரண்டு பாதைகள்: தெரிவைப் பற்றிய கவிதையா, தெரிவைப் பற்றிப் பின்னாளில் சொல்லும் கதையா?

கரிசல்:
அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்டின் ‘செல்லாத பாதை’ கவிதையைத் துணிவின் பாட்டாகப் படிப்பது பிழை என்று பலரும் எழுதிவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலையுதிர்காலக் காட்டில் பாதை பிரியும் இடத்தில் ஒருவன் நெடுநேரம் நின்று, ஒன்றைத் தேர்ந்து, ஆள் நடமாட்டம் குறைந்த வழியில் போனதால்தான் எல்லாமே மாறியது என்கிறான். எழுதியவரும் அப்படி வாழ்ந்தவரே. நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த பண்ணையை விற்று, ஆசிரியர் வேலையையும் விட்டுவிட்டு, 1912இல் தம் 38ஆம் வயதில், மனைவியோடும் நான்கு குழந்தைகளோடும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவருடைய கவிதைத் தொகுப்பு எதையும் அதுவரை எந்தப் பதிப்பகமும் வெளியிட்டிருக்கவில்லை. மறு ஆண்டே லண்டனில் முதல் தொகுப்பு வந்தது.

நெய்தல்:
கவிஞரின் வாழ்க்கையை வைத்துக் கவிதையைத் தீர்மானிக்க வேண்டாம், வரிகளைப் பார்ப்போம். இரண்டாம் பாதையில் புல் மண்டியிருந்தது என்று சொன்ன கையோடு, நடந்து தேய்ந்த அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்றும் அவன் சொல்லிவிடுகிறான். அடுத்த பத்தியிலும், அன்று காலை இரண்டு பாதைகளும் யார் காலும் படாத இலைகளால் ஒரே மாதிரி மூடிக்கிடந்தன என்கிறான். ‘ஆள் நடமாட்டம் குறைந்த வழி’ என்ற பேச்சு கடைசிப் பத்தியில்தான் வருகிறது, அதுவும் எதிர்காலத்தில். நெடுங்காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறான். நடந்தது ஒன்று, முதுமையில் சொல்லப்போவது வேறொன்று என்று அவனே நமக்குக் காட்டிக்கொடுக்கும்போது, அந்தக் கடைசி மூன்று வரிகளை மட்டும் பிய்த்தெடுத்து வாழ்த்து அட்டையில் அச்சிடுவது கவிதைக்குச் செய்யும் அநீதி.

இதன் பிறப்பும் அதைத்தான் சொல்கிறது. 1914இல் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் வயல்வெளிகளில் ஃபிராஸ்டும் ஆங்கிலேய எழுத்தாளர் எட்வர்டு தாமஸும் சேர்ந்து நடப்பது வழக்கம். எந்த வழியில் போனாலும், மற்ற வழியில் போயிருந்தால் இன்னும் நல்ல காட்சிகளைக் காட்டியிருக்கலாமே என்று தாமஸ் வருந்துவார். நண்பரின் அந்தக் குணத்தைச் சற்றே சீண்டித்தான் ஃபிராஸ்ட் இதை எழுதினார். தலைப்பிலும் செல்லாத பாதைதான் இருக்கிறது, சென்ற பாதை இல்லை.

கரிசல்:
பாதைகள் ஒன்றுபோல் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அந்த இடத்தை விரைந்து கடந்துவிட்டேன். ஆனால் நீங்களும் ஒரு வரியைக் கடந்துவிட்டீர்கள். ஒரு வழி இன்னொரு வழிக்கு இட்டுச்செல்லும் என்பது தெரிந்ததால், இங்கே திரும்பி வருவோமா என்று அவன் ஐயப்படுகிறான். பாதைகள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் திரும்ப முடியாது என்பதாலேயே தெரிவு கனம் பெறுகிறது. தாமஸ் இந்தக் கவிதையைச் சீண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஜூலையில் அவர் படையில் சேர்ந்தார். வயது 37, மூன்று குழந்தைகளின் தந்தை, கட்டாய ராணுவச் சேவை அப்போது வந்திருக்கவும் இல்லை. ஃபிராஸ்டைத் தொடர்ந்து அமெரிக்கா போகலாம் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது. கவிதைதான் அவரைப் போருக்கு அனுப்பியது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பாதைகளும் ஒன்றே என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

தாழை:
நீங்கள் இருவருமே பாதை பிரியும் இடத்தில் நிற்கிறீர்கள். அமெரிக்கக் கவிதையில் எல்லோருக்கும் அந்த இடம் வாய்க்கவில்லை. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1922இல் எழுதிய ‘அன்னை மகனுக்கு’ கவிதையில் இருப்பது ஒரே ஒரு மாடிப்படி. ஆணிகளும் சிராய்களும் பெயர்ந்த பலகைகளும் நிறைந்தது. அந்தக் கறுப்பினத் தாய் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஏறுகிறாள்.

கரிசல்:
தேர்ந்தெடுக்கிறாள், தாழை. திரும்பாதே, படியில் உட்கார்ந்துவிடாதே என்று மகனிடம் சொல்கிறாளே! உட்கார்ந்துவிடலாம் என்ற வழி தன் முன்னாலும் இருந்ததை அறிந்தவள்தான் அப்படிச் சொல்ல முடியும்.

தாழை:
இருக்கலாம், அந்தத் தாயின் அளவில் ஏற்கிறேன். ஆனால் இன்னொரு கறுப்பினக் கவிஞரான குவெண்டலின் புரூக்ஸின் ‘வீ ரியல் கூல்’ கவிதையில் வரும் ஏழு சிறுவர்களைப் பாருங்கள். பள்ளியை விட்டுவிட்டு பில்லியர்ட்ஸ் ஆடுகிறார்கள். எட்டே சிறு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் ‘வீ’, அதாவது ‘நாங்கள்’ என்று தொடங்குகிறது, முதல் வாக்கியம் தவிர மற்றவற்றில் அந்தச் சொல் முந்தைய வரியின் விளிம்பில் தொங்குகிறது. தங்களைப் பற்றி உறுதியில்லாதவர்கள் என்பதால் அந்தச் சொல்லைத் தணிந்த குரலில் வாசிக்க வேண்டும் என்று புரூக்ஸே விளக்கியிருக்கிறார். எல்லாம் தாங்களாகவே தேர்ந்தவை என்று அவர்கள் பெருமை பேசிக்கொண்டே போக, எட்டாவது வாக்கியத்தில் சீக்கிரம் சாகிறார்கள்.

நெய்தல்:
ஃபிராஸ்டின் மனிதனைப் போலவே இவர்களும் தம் தெரிவுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். ஆனால் அவன் அதை நெடுங்காலம் கழித்துச் சொல்லப்போவதாக நம்புகிறான். பெருமூச்சுவிட ஒரு முதுமை தனக்கு உண்டு என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. இதுவரை நான் அந்த வரியை இப்படிப் படித்ததில்லை, தாழை. அந்த ஏழு பேருக்கு முதுமை கிடைக்கவில்லை. கரிசல் சொன்ன தாமஸுக்கும் கிடைக்கவில்லை. 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சில் நடந்த அராஸ் போரில், 39 வயதில் இறந்தார்.