பாம்பன் கரை நீலன் பட்டாம்பூச்சியை இலங்கைக் கிளையினம் என்று பதியலாமா?

மண்டபம் வாசி:
பாம்பனில் ஒரு வீட்டுத் தொட்டியில் நிற்கும் சைக்கஸ் (பனை போன்ற ஓலையுள்ள அழகுச் செடி) மீது டிசம்பரில் எடுத்த நீலன் பட்டாம்பூச்சிப் படங்களை இட்டிருக்கிறேன். பின்னிறகில் மெல்லிய வாலும், அதனருகே ஆரஞ்சு விளிம்புடன் ஒற்றைக் கரும்புள்ளியும் தெரிவதால் இது பிளெய்ன்ஸ் கியூபிட் என்பதில் ஐயமில்லை. பயறு வயல்களில் திரியும் கிராம் புளூ என்ற மற்றொரு நீலனுக்கு அவ்விடத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு. ஆனால் இறகின் அடிப்பக்கம் மதுரைப் படங்களைவிட வெளிறியிருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தான், அதிலும் மணல்திட்டுகள். எனவே இதை பட்டாம்பூச்சி ஆய்வாளர் எவான்ஸ் 1925இல் பெயரிட்ட இலங்கைக் கிளையினமான (ஓர் இனத்துக்குள் வாழிடத்தால் வேறுபட்ட பிரிவு) லங்கா என்றே பதிய வேண்டும்.

தொண்டி ஆசிரியர்:
ஐயா, இம்முடிவை ஏற்க இயலவில்லை. மழைக்கால வடிவத்தில் அடிப்பக்கப் புள்ளிகள் கருத்துத் தெளிவாக இருக்கும். வறண்ட பருவ வடிவத்தில் அவை மங்கும். ஒரே ஊரிலேயே இரண்டும் காணக் கிடைக்கும்போது, வெளிறிய நிறத்தை மட்டும் வைத்து எப்படிக் கிளையினம் பிரிப்பது? மேலும், குடைவேலும் பனையும் நிற்கும் நம் கரையில் சைக்கஸ் இயல்பாக வளர்வதில்லை, நர்சரிகளிலிருந்து வந்ததுதான். அழகுச் செடிகளோடு பயணம் செய்தே இப்பூச்சி எகிப்து வரை பரவியிருக்கிறது என்பதால், பாம்பன் பூச்சியின் பூர்வீகத்தைக் கடல் தூரத்தைக் கொண்டு அளப்பது சரியன்று.

கீழக்கரை வாசகி:
எங்கள் தெருவில் கண்டதும் இதையே காட்டுகிறது. சுருள் விரியாத குருத்தில்தான் பெண் பூச்சி முட்டையிடுகிறது. சில நாட்களில் பச்சைப் புழுக்கள் இளம் ஓலையைச் சுரண்டித் தின்ன, அவற்றின் முதுகை எறும்புகள் உணர்கொம்பால் தட்டித் தட்டி இனிப்புநீர் வாங்குகின்றன. அப்படி ஒரு குருத்து வண்டியேறினால் பூச்சியும் உடன் வந்துவிடும்.

மண்டபம் வாசி:
ஆசிரியரே, டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமாயிற்றே. அப்போது வறண்ட பருவ வடிவம் எப்படி வரும்? தைவான் தீவின் பூச்சியைப் பெரிபேட்ரியா என்று தனிக் கிளையினமாக ஏற்கிறோமே, இலங்கைக்கு மட்டும் ஏன் தயக்கம்?

தொண்டி ஆசிரியர்:
இலங்கைக் கிளையினத்தை நான் மறுக்கவில்லை. அது பாம்பனில் இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்கிறேன். தைவானைப் பிரிப்பது நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். அங்கே அத்தீவுக்கே உரிய சைக்கஸும் உண்டு. நீங்கள் சொல்லும் 30 கி.மீ. நெருக்கமோ இரு கரைப் பூச்சிகளும் கலப்பதற்கே வழிவிடும். அது உங்கள் வாதத்துக்கு எதிராகவும் நிற்கிறது. பருவ வடிவத்தைப் பொறுத்தவரை, படமெடுத்த மாதத்தைவிட, புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருந்த நாட்களின் வெப்பமும் ஈரமும்தான் முக்கியம். மழைக்காலம், கோடை இரண்டிலும் பாம்பன் புழுக்களை வளர்த்து, வெளிவரும் ஆண், பெண் இரண்டின் இருபக்கப் படங்களையும் தலைமன்னார்ப் படங்களோடு ஒப்பிடுங்கள். அதுவரை பதிவில் இனப்பெயர் மட்டும் இருக்கட்டும்.