கப்பலூர் பட்டறையில் ஃபேக்ஸ் இயந்திரம் இனியும் வேண்டுமா?

கேள்வி: கப்பலூர் ரப்பர்

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. தொலைபேசி இணைப்பைச் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றிய நாள் முதல், அப்பா காலத்து ஃபேக்ஸ் இயந்திரம் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. மற்றவர்கள் எல்லோரும் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டார்கள். ஜப்பானிய நிறுவனம் ஒன்று மட்டும் முத்திரை பதித்த கொள்முதல் ஆணையை இன்றும் ஃபேக்ஸில்தான் அனுப்புகிறது. அந்த ஒருவருக்காக இதை வைத்திருக்கலாமா?

பதில்: மாட்டுத்தாவணி சர்வீஸ்

ஐயா, பழுது பெரும்பாலும் இயந்திரத்தில் இராது. ஃபேக்ஸ் தாளில் உள்ளதை ஒலியாக்கி அனுப்புகிறது. ஃபைபரில் அந்த ஒலி துண்டு துண்டாகப் பயணம் செய்வதால், ஒரு துண்டு தவறினாலும் தாமதமானாலும் இரு முனை இயந்திரங்களின் பேச்சும் அறுந்துவிடும். இயந்திரத்தின் வேகத்தை நொடிக்கு 14400 பிட்டிலிருந்து 9600-க்குக் குறைத்துப் பாருங்கள். இணைப்பு தருபவரிடம் டி.38 வசதி, அதாவது இணையவழி இணைப்பில் ஃபேக்ஸை அனுப்புவதற்கென்றே உள்ள முறை, உண்டா என்றும் கேளுங்கள்.

பதில்: தல்லாகுளம் எழுத்தர்

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இயந்திரத்தை எடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அறிவிப்புகளை இன்ன ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தால், அந்த எண் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். காசோலை திரும்பிய வழக்கில் ஃபேக்ஸில் அனுப்பிய அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு ஏற்பு அளித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். இன்று மின்னஞ்சலும் சான்றாகும் என்பதால், சட்டத்துக்காக ஃபேக்ஸைக் கட்டி அழ வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். மையில்லாமல் சூட்டால் எழுத்து பதியும் வெப்பத்தாளில் வந்தவை நாளடைவில் மங்கிவிடும்; அவற்றை இன்றே நகலெடுத்துவிடுங்கள். சென்ற சித்திரையில் பழைய வழக்குக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது, கட்சிக்காரர் நம்பியிருந்த ஃபேக்ஸ் தாள் வெறும் மஞ்சள் தாளாக இருந்தது. நூல் கோத்த துளையும் எங்கள் அலுவலக முத்திரையும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவர் அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பதில்: விளக்குத்தூண்

பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே புதிய ஃபேக்ஸ் இயந்திரங்கள் வாங்குவதை 2019 சனவரியில் நிறுத்திவிட்டது. வாடிக்கையாளரிடம் மின்னஞ்சலுக்கு மாறும்படி நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

கேள்வியாளர்

எழுத்தர் ஐயாவுக்கு மிக்க நன்றி. ஒப்பந்தத்தில் ஃபேக்ஸ் எண் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துத் திருத்தம் செய்யும்படி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அது கையெழுத்தாகி வரும்வரை இயந்திரம் மேசையிலேயே இருக்கும். வேகத்தைக் குறைத்த பிறகு, இன்று காலை மூன்று பக்கமும் முழுதாக வந்தன.